வலியே இல்லையே, எதுக்குப் பல் டாக்டர்கிட்ட போகணும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல் மருத்துவரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொள்வது என் வேலை. டாக்டர் கை கழுவப் போகிற இரண்டு நிமிடத்தில், படுத்திருப்பவர் தலையைத் திருப்பி என்னிடம் கேட்பார்: "ஏங்க, உண்மையைச் சொல்லுங்க, இதெல்லாம் தேவைதானா?" வருஷக்கணக்கில் அதே கேள்விகள்தான், ஆள்தான் மாறுகிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். பதில்களை டாக்டர் படித்துத் திருத்திக் கொடுத்தார்.

1. வலியே இல்லை. நல்லா கடிச்சுத்தான் சாப்பிடறேன். அப்புறம் எதுக்கு வரணும்?

இது ஒன்று புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதி தானாகவே விளங்கிவிடும். பல்லின் மேலுறையான எனாமல், உடம்பிலேயே மிகவும் கெட்டியான பொருள். ஆனால் அதில் நரம்பு கிடையாது. அதைக் கரைத்துக்கொண்டு சொத்தை உள்ளே இறங்கும்போது உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. அடுத்த அடுக்கான டென்டினைத் தொட்டதும் இனிப்புக்கும் குளிர்ச்சிக்கும் லேசாகக் கூசும். அந்தப் பக்கம் மெல்லாமல் மறுபக்கம் மென்று சமாளித்துவிடுவோம். ராத்திரி தூங்கவிடாமல் விண்விண்ணென்று தெறிக்கிற வலி வருகிறதென்றால், சொத்தை பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கிற கூழ்ப்பகுதியை எட்டிவிட்டது என்று அர்த்தம்.

எனாமலின் மேற்பரப்போடு நின்றிருந்தால், எனாமலை உறுதியாக்கும் ஃபுளோரைடு பூச்சிலேயே அடங்கிவிடலாம். டென்டினில் குழி விழுந்திருந்தால் அடைக்க வேண்டும். கூழை எட்டிவிட்டால் வேர் சிகிச்சை (ரூட் கேனால்), அதற்கும் வழியில்லை என்றால் பிடுங்குவது. அதே பல், அதே சொத்தைதான். நீங்கள் எப்போது வந்தீர்கள் என்பதில் இருக்கிறது எல்லாம். ஈறு நோய் இன்னும் சத்தமில்லாதது. பல் ஆட ஆரம்பிக்கிறவரை வலிக்காமலே இருந்துவிடும்.

2. செக்-அப்னா அப்படி என்னதான் பண்ணுவீங்க? கண்ணாடியை வச்சு எட்டிப் பார்க்கறதுக்குப் பேரு செக்-அப்பா?

முதலில் வாயைத் திறக்கவே சொல்ல மாட்டார்கள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை உண்டா, புகை உண்டா என்று கேட்பார்கள். அடுத்து தாடைக்கு அடியிலும் கழுத்திலும் விரலால் தடவி, கட்டி ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பார்ப்பார்கள். நாக்கு நுனியைத் துணியால் பிடித்து இப்படியும் அப்படியும் இழுத்து ஓரங்களைப் பார்ப்பார்கள், நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்ப்பார்கள். இது புற்றுநோய்க்கான தேடல். படுத்திருப்பவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதே இல்லை.

அதற்கப்புறம்தான் பல். காற்றை ஊதி ஒவ்வொரு பல்லாக உலர்த்துவார்கள். சும்மா இல்லை: சொத்தையின் முதல் அடையாளம் சுண்ணாம்பு தொட்டாற்போல ஒரு வெள்ளைத் திட்டு, அது ஈரத்தில் தெரியாது. கடைசியாக, மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்குவார்கள். டாக்டர் எண்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். ஒரு பல்லுக்கு வெளிப்பக்கம் மூன்று இடம், உள்பக்கம் மூன்று இடம். "மூணு, ரெண்டு, மூணு. ரெண்டு, ரெண்டு, மூணு. மூணு, அஞ்சு..." அஞ்சு என்றதும் குரல் கொஞ்சம் நிற்கும். மூன்றுவரை ஆரோக்கியம், நாலும் அதற்கு மேலும் என்றால் அங்கே ஈறு பல்லைவிட்டுப் பிரிந்து பை விழ ஆரம்பித்திருக்கிறது. நீங்கள் வீட்டில் எவ்வளவு பெரிய கண்ணாடியில் பார்த்தாலும் அந்த அஞ்சு தெரியாது.

3. ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னு யாருங்க சொன்னது? எல்லாருக்கும் அதே கணக்கா?

இல்லை. ஆறு மாதம் என்பது பழக்கத்தில் நிலைத்துவிட்ட கணக்கு. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2004-லேயே இதை மாற்றிச் சொன்னது: பெரியவர்களுக்கு 3 மாதத்திலிருந்து 24 மாதம் வரை, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 3 மாதத்திலிருந்து 12 மாதம் வரை. அந்த எல்லைக்குள் எது பொருத்தம் என்பதை அவரவர் வாயைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் இதையொட்டியே சொல்கிறது. ஆறு மாதத்துக்கொரு முறை வந்த பெரியவர்களுக்கும், தங்கள் நிலைக்கேற்ற இடைவெளியில் வந்தவர்களுக்கும் நாலு வருஷத்தில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீங்களா, வர வேண்டியதில்லை" என்று ஒருவர் செல்பேசியை நீட்டினார். அப்படி இல்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஏற்கெனவே ஒழுங்காகப் போய்வந்தவர்கள். சொத்தை அடிக்கடி வருகிறவர், சர்க்கரை நோயாளி, புகை பிடிப்பவர், வாய் உலர்கிறவர், பல்லில் கம்பி போட்டிருப்பவர் ஆகியோருக்கு மூன்று முதல் ஆறு மாதம். எல்லாம் சுத்தமாக இருக்கிற பெரியவருக்கு ஒரு வருஷம், சிலருக்கு இரண்டு வருஷம்கூடப் போதும். பரிசோதனை முடிந்ததும் "எனக்கு அடுத்தது எப்போ, ஏன் அப்போ?" என்று கேளுங்கள். அந்த "ஏன்"தான் முக்கியம்.

4. பாப்பாவுக்கு இப்பதான் ஒரு பல்லு எட்டிப்பார்க்குது. இப்பவே கூட்டிட்டு வரணுமா?

ஆமாம், சீக்கிரமே. முதல் பல் சுமார் ஆறு மாதத்தில் முளைக்கும். அது முளைத்த ஆறு மாதத்துக்குள், கடைசிப் பட்சம் முதல் பிறந்தநாளுக்குள் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

பயப்பட ஒன்றுமில்லை. டாக்டரும் அம்மாவும் முட்டிக்கு முட்டி இடிக்க எதிரெதிரே உட்கார்ந்துகொள்வார்கள். குழந்தையின் கால் அம்மாவின் இடுப்பைச் சுற்றி, தலை டாக்டர் மடியில். குழந்தைக்கு மேலே பார்த்தால் அம்மா முகம். அழுதால் நல்லதாகப் போயிற்று, வாய் திறந்திருக்கும். ஒரு நிமிட வேலை. மீதி நேரம் பெற்றோருடன் பேசத்தான். பால் புட்டியை வாயில் வைத்தபடியே தூங்கவைக்கிறீர்களா? மேல் முன்பற்களில் ஈறை ஒட்டி வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா? ஃபுளோரைடு பற்பசையை மூன்று வயதுவரை ஓர் அரிசி அளவும், அதற்கப்புறம் பட்டாணி அளவும் தான் வைக்கிறீர்களா? டியூபின் படத்தில் இருப்பதுபோல நீளமாகப் பிதுக்குவது குழந்தைக்கு ஆகாது.

5. பால் பல்லு எப்படியும் விழப்போகுது. அதுக்குப் போய் செலவு பண்ணணுமா?

விழும்தான். எப்போது விழும் என்பதில்தான் ஏமாந்துபோகிறோம். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும், ஆனால் பின்னால் இருக்கிற பால் கடைவாய்ப்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்தாக வேண்டும். நாலு வயதில் சொத்தையானால் இன்னும் ஏழெட்டு வருஷம் குழந்தை அதை வைத்துக்கொண்டுதான் மெல்ல வேண்டும், தூங்க வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும்.

இன்னொன்று, பால் பல் இடம் பிடித்து வைக்கிற பல். அது நேரத்துக்கு முன்பே போனால் பின்னால் இருக்கிற பல் முன்னே சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். கீழே காத்திருக்கிற நிரந்தரப் பல் வழியில்லாமல் கோணிக்கொண்டு வரும். பால் பல்லின் வேரில் சீழ் கட்டினால் அடியில் உருவாகிற பல்லின் எனாமலிலும் குறை விழலாம்.

"என் குழந்தைக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று கண் கலங்குகிற அம்மாக்களுக்காக ஒரு கணக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, பால் பல்லில் சொத்தை உள்ள குழந்தைகள் உலகத்தில் சுமார் 51 கோடி. உங்கள் வீட்டில் மட்டும் நடந்த தப்பு இல்லை இது.

6. பையனுக்கு ஏழு வயசு. கடைசியில ஒரு பல்லு கறுத்துப்போச்சு. அதுவும் பால் பல்தானே, விழுந்துடும்ல?

எண்ணிப் பாருங்கள். நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணினால் பால் பல் ஐந்துதான். மேலும் கீழும் இரண்டு பக்கமும் சேர்த்து இருபது. ஆறாவதாக ஒன்று இருந்தால் அது பால் பல் இல்லை, வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய நிரந்தரப் பல். ஆறு வயதுவாக்கில் எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும். விழுந்து முளைத்தால்தான் நிரந்தரப் பல் என்று நினைத்துக்கொண்டிருப்பதால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை.

எங்கள் நாற்காலியில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தப் பல்தான். ஏழு வயதுப் பையனின் நிரந்தரப் பல்லைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொல்லும்போது, "விழுந்து முளைக்கும்னு நினைச்சேனே" என்று அந்த அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இதன் மேற்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் உண்டு, பிரஷ் நார் அதற்குள் போகாது. முளைத்ததும் காட்டினால் அந்தப் பள்ளங்களை மெல்லிய பிசினால் மூடிவிடலாம். ஊசி வேண்டாம், துளை போட வேண்டாம், சில நிமிடம்தான். அதே வருகையில் பல்வரிசை, கடிக்கும் விதம், கட்டைவிரல் சூப்புவதால் முன்பல் தள்ளியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

7. வாயையே திறக்க மாட்டேங்கறா. டாக்டரைப் பார்த்தாலே அழுகை. என்ன செய்யறது?

வலி வந்தபின் முதல்முறையாகக் கூட்டிவந்தால் அழாமல் என்ன செய்யும்? வலி இல்லாத நாளில் வந்து, நாற்காலியில் ஏறி இறங்கி, கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போன குழந்தைக்கு அடுத்தமுறை இது தெரிந்த இடம். முதல் வருகையை எதற்காக முன்னாலேயே வைக்கச் சொல்கிறோம் என்பதற்கு நாலாம் கேள்வியில் சொன்னதோடு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் இரண்டு விஷயம் வேண்டாம். ஒன்று, "சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்பது. இன்னொன்று, "வலிக்கவே வலிக்காது, ஊசியே கிடையாது" என்று சத்தியம் செய்வது. குழந்தை அதுவரை வலியைப் பற்றி யோசித்தே இருக்காது, நாம்தான் எடுத்துக்கொடுக்கிறோம். "டாக்டர் உன் பல்லை எண்ணப்போறார்" என்று மட்டும் சொல்லி அழைத்து வாருங்கள். எத்தனை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கே ஆசை இருக்கும்.

8. தினமும் ரெண்டு வேளை தேய்க்கறோம். அது போதாதா?

பெரிய விஷயம்தான், விட்டுவிடாதீர்கள். ஆனால் பிரஷ் போகாத இடங்கள் உண்டு. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நார் நுழையாது, அதற்குத் தனியாக நூலோ இடைவெளி பிரஷோ வேண்டும். பல்லில் படிந்து, தேய்க்காமல் விட்ட கிருமிப் படலம் சில நாளிலேயே எச்சிலில் இருக்கிற தாதுக்களோடு சேர்ந்து காரையாக இறுகிவிடும். கீழ் முன்பற்களின் பின்பக்கம் நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் அதுதான். எச்சில் சுரப்பி திறக்கிற இடம் அங்கே இருப்பதால் அங்கேதான் முதலில் படியும். இறுகியபின் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் போகாது. அழுத்தித் தேய்ப்பதால் ஈறு கீழே இறங்குவதுதான் மிச்சம்.

பலரும் செய்கிற தவறு இன்னொன்று: தேய்த்து முடித்ததும் நாலு தடவை கொப்பளித்து ஃபுளோரைடை எல்லாம் கழுவி விட்டுவிடுவது. நுரையைத் துப்பினால் போதும். குழந்தைகளுக்கு ஏழெட்டு வயதுவரை பெரியவர்கள்தான் தேய்த்துவிட வேண்டும். "அவனே தேய்ச்சுக்குவான்" என்று பெருமையாகச் சொல்கிற வீட்டுப் பையன்களின் பின்பற்களைப் பார்த்துதான் இதைச் சொல்கிறேன்.

9. கிளீனிங் பண்ணினா பல்லு தேஞ்சு போயிடும், ஆட ஆரம்பிச்சுடும்னு சொல்றாங்களே? எங்க அக்காவுக்குப் பண்ணினப்புறம் பல்லு நடுவுல சந்து விழுந்துடுச்சு.

கருவியின் நுனி அதிர்ந்து காரையை உடைக்கிறது, எனாமலைச் சுரண்டுவதில்லை. அக்காவுக்கு விழுந்த சந்து ஏற்கெனவே இருந்ததுதான், இத்தனை நாள் அதைக் காரை அடைத்து வைத்திருந்தது. எலும்பு கரைந்துபோன பல்லைச் சுற்றிப் பாறைபோல் படிந்த காரை முட்டுக் கொடுத்து நிற்கவைத்திருக்கும். எடுத்ததும் ஆட்டம் தெரியும். ஆனால் அந்த ஆட்டத்துக்குக் காரணமே அந்தக் காரைதான். எடுத்தபின் சில நாள் குளிர்ச்சி கூசும், பிறகு அடங்கிவிடும்.

அதே சமயம், காரையே இல்லாத வாய்க்கு வழக்கத்துக்காகக் கிளீனிங் செய்துகொள்ள வேண்டியதும் இல்லை. செக்-அப் வேறு, கிளீனிங் வேறு. பார்த்துவிட்டு "இந்தத் தடவை தேவையில்லை" என்று அனுப்புகிற நாட்களும் உண்டு.

10. தேய்க்கும்போது ஒரு இடத்துல ரத்தம் வருது. அதனால அந்த இடத்தை விட்டுட்டுத் தேய்க்கறேன். சரிதானே?

நேர்மாறு. விட்டுவிட்டதால்தான் ரத்தம். ஈறை ஒட்டிப் படலம் தங்கியதும் ஈறு வீங்கிச் சிவந்து, தொட்டாலே கசியும். மெல்லிய நாருள்ள பிரஷால் பொறுமையாகத் தேய்த்து, காரை இருந்தால் எடுத்துவிட்டால், ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் நின்றுவிடும். இந்தக் கட்டத்தில் ஈறு பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

இதைத் தாண்டி எலும்பு கரையத் தொடங்கிவிட்டால், நோயை நிறுத்தலாமே தவிர, போன எலும்பு தானாகத் திரும்பி வராது. இரண்டாம் கேள்வியில் சொன்ன அந்த "அஞ்சு", இந்தக் கோட்டைத் தாண்டியதற்கான அறிகுறி. நன்றாகத் தேய்த்தும் இரண்டு வாரத்துக்கு மேல் ரத்தம் வந்தால் அடுத்த செக்-அப் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

11. எக்ஸ்-ரே எடுக்கணுமாம். குழந்தைக்குக் கதிர்வீச்சு ஆகுமா?

இரண்டு பற்கள் ஒட்டி நிற்கிற இடத்தில் விழும் சொத்தை கண்ணாடியில் தெரியாது. மேலே பளபளவென்று இருக்கும், படத்தில் பார்த்தால் உள்ளே குடைந்திருக்கும். அதற்காகத்தான் எக்ஸ்-ரே. வாய்க்குள் வைத்து எடுக்கும் ஒரு சின்னப் படத்தின் கதிர்வீச்சு சுமார் 0.005 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக நம்மேல் படுவது உலகச் சராசரியில் வருஷத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். வகுத்துப் பார்த்தால், ஒரு படம் என்பது ஒரு நாள் கணக்குகூட இல்லை.

அதற்காக வருகிறபோதெல்லாம் எடுக்க வேண்டும் என்றில்லை. "எதைப் பார்க்க எடுக்கறீங்க?" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பழைய படம் இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள்.

12. மேல் பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடுமாமே?

போகாது. மேல் பற்களின் உணர்ச்சியைக் கொண்டுபோவது மூளையிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பின் ஒரு கிளை. பார்வைக்கானது இரண்டாம் நரம்பு. இரண்டும் வேறு வேறு பாதை. பிடுங்குவதால் பார்வை நரம்புக்கு ஒன்றும் ஆவதில்லை.

இந்தப் பயம் எப்படி வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. மேல் பல் வேரில் சீழ் கட்டினால் கன்னம் வீங்கி, வீக்கம் கண்ணுக்குக் கீழேவரை ஏறிக் கண்ணையே மூடிவிடும். அந்தச் சமயத்தில் பல்லைப் பிடுங்கியதைப் பார்த்தவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கலாம். உண்மையில் கண்ணுக்கு ஆபத்து, கெட்ட பல்லை அப்படியே விட்டுவைப்பதில்தான். வீக்கம் கண்ணை நோக்கிப் பரவி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலும் அப்படித்தான்.

13. கர்ப்பமா இருக்கேன். குழந்தை பிறந்தப்புறம் பார்த்துக்கலாமா?

தள்ளிப்போட வேண்டாம். பரிசோதனையும் கிளீனிங்கும் எந்த மாதத்திலும் செய்யலாம். அடைப்பு போன்ற வேலைகளுக்கு நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம்வரை வசதியான காலம். குமட்டல் குறைந்திருக்கும், மல்லாந்து படுப்பதும் சிரமமாக இராது. கர்ப்பமாக இருப்பதை வந்ததுமே சொல்லிவிடுங்கள்.

ஹார்மோன் மாற்றத்தால் இந்த மாதங்களில் ஈறு சீக்கிரம் வீங்கி ரத்தம் வரும். வாந்தி எடுத்தால் உடனே பல் தேய்க்காதீர்கள். வயிற்று அமிலத்தில் எனாமல் அப்போது இளகியிருக்கும். தண்ணீரில் கொப்பளித்து அரைமணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். "ஒரு குழந்தைக்கு ஒரு பல்" என்று சொல்வார்களே, குழந்தை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுக்காது. வாந்தி, அடிக்கடி நொறுக்குத்தீனி, தேய்க்க முடியாத அசதி, இவைதான் காரணம்.

14. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடறேன். அதைப் பல் டாக்டர்கிட்ட எதுக்குச் சொல்லணும்?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு நோய் வேகமாக வரும். ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகிறவை. ஈறைச் சரிசெய்தால் சர்க்கரையும் ஓரளவு இறங்குவதை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள்.

சர்க்கரை மட்டுமில்லை. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி, செயற்கை இதய வால்வு எல்லாவற்றையும் சொல்லுங்கள். சில எலும்பு மருந்துகள் எடுத்துக்கொள்பவருக்குப் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. அதனால் மருந்தை ஆரம்பிக்கும் முன்பே பல் வேலைகளை முடித்துவிடுவது நல்லது. முக்கியமாக, பல் வேலைக்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்துச் சீட்டைக் கையில் கொண்டுவந்தால் போதும், பெயர் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

15. இருபது வருஷமா சிகரெட் பிடிக்கறேன். ஈறுல ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்லை. அப்ப என் ஈறு நல்லாத்தானே இருக்கு?

பத்தாம் கேள்வியைப் படித்துவிட்டு வருகிற கேள்வி இது. ரத்தம் வராததே உங்கள் விஷயத்தில் ஏமாற்று. புகைப்பதால் ஈறில் உள்ள சிறு ரத்தக்குழாய்களின் ஓட்டம் குறைந்து, நோய் இருந்தாலும் கசியாது. வெளுத்து, இறுகி, பார்க்க ஆரோக்கியமாகவே தெரியும். இரண்டாம் கேள்வியில் சொன்ன அளவுக் கம்பியை இறக்கினால் ஆறு, ஏழு என்று எண் வரும். மற்றவர்களுக்கு அடிக்கிற எச்சரிக்கை மணி உங்களுக்கு அடிக்காது, அதனால் நீங்கள்தான் அடிக்கடி வர வேண்டும்.

16. வாய்ல ஒரு புண்ணு, வலிக்கலை. அதுக்கெல்லாம் பல் டாக்டரா?

ஆமாம். சாதாரண வாய்ப்புண் சுள்ளென்று வலிக்கும், பத்துப் பன்னிரண்டு நாளில் ஆறிவிடும். வலிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கிற புண், துடைத்தால் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தடித்த ஓரம், வாய் திறப்பது குறைவது, இவற்றில் எது இருந்தாலும் காட்டியே ஆக வேண்டும். புகையிலையோ மதுவோ பழக்கம் இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

17. அப்பாவுக்கு ஒரு பல்லுகூட இல்லை, பல் செட்தான். அவரை எதுக்குக் கூட்டிட்டு வரணும்?

நாக்கும் கன்னமும் ஈறும் இருக்கின்றனவே. முந்தைய கேள்வியில் சொன்னதெல்லாம் அவருக்கும் பொருந்தும். தவிர, பல் போனபின் தாடை எலும்பு வருஷத்துக்கு வருஷம் தேயும். முதலில் கச்சிதமாக உட்கார்ந்த செட் பிறகு தளர்ந்து உராயும். "பழகிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு மென்மையானதை மட்டும் சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள், வீட்டில் யாருக்கும் தெரியாது. வருஷத்துக்கு ஒரு முறை காட்டுங்கள். ராத்திரி செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்கச் சொல்லுங்கள்.

18. பத்து வருஷமா வரலை. இப்ப வந்தா டாக்டர் திட்டுவாரோன்னு கூச்சமா இருக்கு.

இதை ஆண்களும் பெண்களும் ஒரே மாதிரி தாழ்ந்த குரலில்தான் கேட்கிறார்கள். நாங்கள் பார்க்காத வாயே இல்லை. முதல் நாள் பரிசோதனை மட்டும் போதும், இன்றைக்கு வேலை எதுவும் வேண்டாம் என்று முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடலாம். பயமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். இடது கையை உயர்த்தினால் நிறுத்துவது என்று பேசிவைத்துக்கொள்வோம். அந்தக் கை பெரும்பாலும் உயர்வதே இல்லை, நிறுத்த முடியும் என்று தெரிந்ததே பாதிப் பயத்தைக் குறைத்துவிடும். திட்டுகிற டாக்டராக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள், செக்-அப்பை விடாதீர்கள்.

19. ஒருத்தர் ரெண்டு சொத்தைன்னார், இன்னொருத்தர் ஆறுன்னார். யாரை நம்பறது?

இதைப் படித்துத் திருத்தும்போது டாக்டர் சிரித்தார். ஆனாலும் விடாமல் சேர்க்கச் சொன்னவர் அவர்தான். இருவரும் பொய் சொல்லாமலே இப்படி நடக்கலாம். முதல் கேள்வியில் சொன்ன எனாமல் கட்டத்துச் சொத்தையை ஒருவர் "கவனித்துக்கொள்ள வேண்டியது" என்று எழுதுவார், இன்னொருவர் "சொத்தை" என்று எண்ணிவிடுவார். குழி விழாத வெள்ளைத் திட்டை ஃபுளோரைடும் உணவுப் பழக்கமும் நிறுத்திவிடக்கூடும், அதைத் துளைத்து அடைக்க அவசரப்பட வேண்டியதில்லை. ஒருமுறை துளைத்த பல்லில் அடைப்பை வாழ்நாளில் பலமுறை மாற்ற வேண்டி வரும்.

அதனால் எண்ணிக்கையைக் கேட்காமல் ஒவ்வொரு பல்லாகக் கேளுங்கள். "இதில் குழி இருக்கா? படத்தில் டென்டின்வரை போயிருக்கா? ஆறு மாதம் பொறுத்தால் என்ன ஆகும்?" கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வலியோ வீக்கமோ இல்லாதபோது, வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். நேற்றுகூட ஒருவர் அப்படிச் சொல்லிவிட்டுத் தன் எக்ஸ்-ரே நகலை வாங்கிக்கொண்டு போனார். உறையில் போட்டுக் கொடுத்தது நான்தான்.